குனிந்த கழுத்து

கிராஸ்கட் ரோட்டில், ஏசி கொஞ்சம் அதிகமாகவே வைத்த கடை.
வேலை செய்கிறவர்களுக்கு வருஷம் ஒரு ஜோடி,
நாற்பது சதவீதத் தள்ளுபடி.
அப்படித்தான் என் காலுக்கு வந்தது
இந்தச் சாம்பல் நிற எட்டாம் நம்பர்.

சேர்ந்த வாரம் பெங்களூரிலிருந்து ட்ரெய்னர் வந்தார்.
ஷூவை விற்காதீர்கள், கதையை விற்றுப் பழகுங்கள் என்றார்.
திரையில் கதை ஓடிற்று:
ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சிய ஒருவன்,
அதைக் கித்தானில் ஒட்டிய இன்னொருவன்.
நடந்தால் சத்தம் வராதாம்.
பின்னால் வந்து நிற்பதே தெரியாதாம்.
பதுங்கி நடக்கிறவன் என்ற பொருளில்தான்
ஸ்னீக்கருக்கு அந்தப் பேரே வந்ததாம்.

மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.
சத்தமில்லாமல் நடப்பது பற்றி
எங்கள் தெருவுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஜெர்மனி.
ஒரு சிற்றூர், குறுக்கே ஓர் ஆறு,
ஷூ தைக்கும் அண்ணன் தம்பி, ஒரு சண்டை.
ஆற்றுக்கு அக்கட்டால ஒரு கம்பெனி, இக்கட்டால ஒரு கம்பெனி.
ரொட்டிக்கடை தனி, பீர்க்கடை தனி,
பெண் எடுப்பதும் பார்த்துப் பார்த்துத்தான்.
எதிரே வருகிறவன் காலைப் பார்த்த பிறகே
வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று முடிவாம்.
குனிந்த கழுத்துகளின் ஊர் என்றே பேராம்.

ரூமே சிரித்தது.
"இப்படியும் ஒரு ஊரா!" என்றான் உக்கடத்து ரியாஸ்.
எனக்கு அந்த ஊருக்கு வழி தெரியும் போலிருந்தது.
நெகமம் தாண்டி மூன்றாவது ஸ்டாப்.

என் சரித்திரம் திரையில் வரவில்லை.
நீல வார் ரப்பர் செருப்பு, வார் அறுந்தால் ஊக்கு.
பி.டி. பீரியடுக்கு வெள்ளைக் கேன்வாஸ்,
அழுக்கை மறைக்கக் கரும்பலகைச் சாக்பீஸ்.
பத்தாவதில், திருப்பூரில் நடைபாதைக் கடையில் வாங்கியது:
மூன்று கோடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு.
கோடு ஒன்று கூட, விலை எட்டில் ஒன்று.
கிளாஸில் ஒருத்தன் சத்தமாக எண்ணிக் காட்டும்வரை
எனக்குத் தெரியாது.
அன்று ராத்திரி பிளேடால் ஒரு கோட்டை உரித்தேன்.
பசை தெரிந்தது.

போன சனிக்கிழமை
பெரியதோட்டத்துச் சென்னியப்பன் வந்தார், கூடவே மகன் மிதுன்.
உட்காரச் சொன்னேன், குனிந்தேன்.
வேலை அப்படி: ஒரு முழங்கால் தரையில்,
ஷூவின் நுனியில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தி,
"இங்க எடம் இருக்குதுங்களா?"
எட்டு. நூல் பிடித்த மாதிரி எட்டு.
சாம்பல் நிறத்தில் போட்டுக்கொண்டு
கண்ணாடிக்கு முன்னால் நாலு எட்டு நடந்தான். பிடித்திருந்தது.

"எந்த ஊரு தம்பி?" என்றார் அப்பா.
சொன்னேன்.
"அட, நம்மூரா! எந்தப் பக்கம்?"
அதையும் சொன்னேன்.

மிதுன் என் காலைப் பார்த்தான்.
அப்புறம் தன் காலை.
தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடியில்
இரண்டு ஜோடியும் ஒன்றாக நின்றன,
முகமில்லாமல்.

"இதுல வேற கலர் இருக்குதா?"

இருந்தது. வெள்ளை, கடுகு மஞ்சள்.
ஸ்டாக் ரூம் ஏணியில்
வேண்டியதைவிடக் கொஞ்ச நேரம் கூடவே நின்றேன்.
அவ்வளவுதான்.
இறங்கி வந்து வெள்ளைக்கு நாடா கோத்தேன்.
பழசை டப்பாவில் போடட்டுங்களா என்று கேட்டேன்.
ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. சாக்ஸ் இலவசம்.

கடைசி பஸ். நெகமம். ஒன்று, இரண்டு, மூன்று.
மழை விட்டிருந்தது.
மாரியம்மன் கோயில் மூலையில், கார் நின்ற இடத்திலிருந்து
பெரிய வீட்டு வாசல்வரை ஈர மண்ணில்
புது அச்சு: வளையம், நட்சத்திரம்,
குதிகாலில் கம்பெனிப் பேர், இடவலம் மாறி.

சுற்றுவழி ஒன்று உண்டு. வழக்கமாக அதில்தான் போவேன்.
இன்றைக்கு நேராகவே நடந்தேன்.
ரப்பர். நாய்கூடத் தலை தூக்கவில்லை.
கம்பத்து விளக்கடியில் நின்று திரும்பிப் பார்த்தால்
எட்டு, எட்டு, எட்டு.
எது வெள்ளை, எது சாம்பல் என்று
குனிந்துதான் பார்க்க வேண்டும்.
குனிந்தாலும் தெரியாது.

பால் வண்டி ஐந்தரைக்கு வரும்.